சோப்ரானோன்னா கத்துறது இல்லீங்க: லிரிக் குரல பத்தி ஒரு எளிய விளக்கம்

ஆப்பெரான்னு, அதாவது கதைய முழுக்க பாட்டாவே நடிக்கற மேல்நாட்டு நாடகம்னு, சொன்ன உடனே நம்மள்ல நெறைய பேருக்கு மனசுல வர்ற படம் ஒண்ணுதான். தலையில கொம்பு வெச்ச தொப்பி போட்ட ஒரு அம்மா, வாய பெருசா தொறந்து ஆஆஆன்னு ஒரு சத்தம், பக்கத்துல இருக்குற கண்ணாடி டம்ளர் சுக்குநூறா ஒடையும். கார்ட்டூன்லயும் காமெடி சீன்லயும் இதையே காட்டிக் காட்டி சோப்ரானோங்கற வார்த்தைக்கே காது கிழியற சத்தம்னு அர்த்தம் ஆயிப்போச்சு. டிவி பாட்டுப் போட்டியில யாராவது மேல போய் ஒரு நோட்ட புடிச்சா போதும், "ஆப்பெரா சிங்கர் மாதிரி பாடிட்டாங்க"ன்னு ஜட்ஜுங்களே சொல்றாங்க.

நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன். மொத தடவ இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியோட லா போயெம்ங்கற ஆப்பெராவ கேக்க ஒக்காந்தப்போ எப்படா அந்த பெரிய சத்தம் வரும்னு காத்துக்கிட்டு இருந்தேன். வந்தது என்னன்னா, ஒரு பொண்ணு பக்கத்து ரூம்ல இருந்து மெழுகுவத்தி ஏத்திக்கலாம்னு வந்து நிக்கறா, நீ யாருன்னு கேட்டதுக்கு "என்ன மிமின்னு கூப்பிடுவாங்க, ஆனா என் பேரு லூச்சியா"ன்னு சாதாரணமா பேசற மாதிரி பாடறா. அவ்வளவுதான். எனக்கு தொண்டைய அடைச்சுக்கிச்சு. பாடினவங்க பேரு மிரெல்லா ஃப்ரேனி. இத்தாலியில மோதெனாங்கற ஊர்க்காரங்க, 1935ல பொறந்து 2020ல போய்ச் சேந்தவங்க. லிரிக் சோப்ரானோன்னா என்னன்னு புரிஞ்சுக்க அவங்கள விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது, அதனால இந்தக் கட்டுரை முழுக்க அவங்கள கூடவே கூட்டிட்டுப் போறேன்.

மொதல்ல, சோப்ரானோன்னா என்ன, அதுல லிரிக்னா என்ன

பெண் குரல்கள்ல மேல் ஸ்தாயில சுகமா பாடற வகைக்கு சோப்ரானோன்னு பேரு. கீபோர்டு வெச்சிருக்கவங்களுக்கு சுலபமா சொல்லணும்னா, நடுவுல இருக்குற சி-யில இருந்து ரெண்டு ஸ்தாயி மேல இருக்குற சி வரைக்கும், ஏறக்குறைய அதுதான் இவங்க வீடு. அந்த மேல் சி-ய பாடும்போது தொண்டையில இருக்குற குரல் நாண்கள் ஒரு செகண்டுக்கு 1,047 தடவ மோதிப் பிரியுது. குரல் நாண்கள்னா குரல்வளைக்குள்ள எதிரெதிரா இருக்குற ரெண்டு சதை மடிப்பு, பெண்களுக்கு சுமார் ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும், நம்ம விரல் நகம் அளவு. இத்தனையும் பண்றது அந்த ரெண்டு துண்டு சதைதான்.

இது உசரம் பத்தின கணக்கு. ஆனா லிரிக்ங்கற வார்த்தை உசரத்த பத்தினது இல்ல, இங்கதான் எல்லாரும் கொழம்பறாங்க. அது குரலோட எடைய பத்தினது. புல்லாங்குழல்லயும் ஒரு ஸ்வரம் வாசிக்கலாம், நாதஸ்வரத்துலயும் அதே ஸ்வரத்த வாசிக்கலாம், சுருதி அச்சு அசலா ஒண்ணுதான், ஆனா ஒண்ணு ரூமுக்குள்ள இதமா இருக்கும், இன்னொண்ணு தெருக்கோடி வரைக்கும் போகும். ஸ்வரம் அதே ஸ்வரம்தான், எடை வேற. குரல்லயும் அதே கதைதான்.

எடை கொறஞ்சு, வேகமா உருட்டிப் பிரட்டி ரொம்ப மேல வரைக்கும் போற குரல் கொலரத்துரா. எடை ரொம்ப அதிகமா, பெரிய ஆர்கெஸ்ட்ராவ கிழிச்சுக்கிட்டு வர்ற குரல் டிரமாட்டிக். இது ரெண்டுக்கும் நடுவுல, இளமையா, சூடா, நீளமான வரிய ஒரே இழையா இழுத்துக்கிட்டு போற குரல்தான் லிரிக். லிரிக்குக்கும் டிரமாட்டிக்குக்கும் நடுவுல ஸ்பின்டோன்னு ஒண்ணு இருக்கு, அதாவது லிரிக் குரல்தான் ஆனா தேவப்பட்டா ஒரு தள்ளு தள்ளி சத்தத்த கூட்டிக்க முடியும். இன்னும் உட்பிரிவு எல்லாம் இருக்கு, நமக்கு இது போதும்.

இதுக்கு நல்ல சாட்சி ஆப்பெராக்குள்ளயே இருக்கு. 1791ல வியன்னால அரங்கேறின மொஸார்ட்டோட மந்திரப் புல்லாங்குழல் கதையில அம்மாவும் மகளும் வர்றாங்க, ரெண்டு பேருமே சோப்ரானோ. அம்மா இரவின் ராணி, கோவத்துல கொலரத்துராவா நெருப்பு மாதிரி கொட்டுவா. மக பாமினா லிரிக், தன்ன காதலன் வெறுத்துட்டான்னு நெனச்சு மெதுவா அழுவா. புச்சினியோட துராந்தோத்லயும் அப்படித்தான், இளவரசி துராந்தோத் டிரமாட்டிக், அடிமைப் பொண்ணு லியூ லிரிக். கதைக்கு யாரு ஆட்டிப் படைக்கறாங்க, யாருக்காக நம்ம மனசு எளகுதுங்கறத மியூசிக் போடறவரு குரல் எடைய வெச்சே பிரிச்சிடறாரு. லிரிக் சோப்ரானோவுக்கு கெடைக்கறது பெரும்பாலும் ரெண்டாவது வேலை.

இதுவரைக்கும் சொன்னத சுருக்கிக்கலாம். சோப்ரானோ உசரத்த சொல்லுது, லிரிக் எடையயும் நெறத்தயும் சொல்லுது. எவ்வளவு மேல போனாங்கங்கறத மட்டும் வெச்சு ஒரு லிரிக் சோப்ரானோவ எடை போட்டா பாதி விஷயம் நம்ம கைய விட்டுப் போயிடும்.

மைக் இல்லாம கடைசி வரிசை வரைக்கும் எப்படி கேக்குது

ஆப்பெரால மைக் கெடையாது. மேடைக்கு முன்னாடி ஒரு பள்ளத்துல அறுபது எழுபது பேரு வயலின், ட்ரம்பெட், டிரம்னு வாசிச்சுக்கிட்டு இருப்பாங்க. மிலான்ல இருக்குற லா ஸ்காலால சுமார் 2,000 பேரு ஒக்காருவாங்க, நியூயார்க்ல இப்போ இருக்குற மெட்ரோபாலிடன் ஆப்பெரா ஹால்ல கிட்டத்தட்ட 3,800 சீட்டு. இத்தன பேருக்கும் ஒரு பொண்ணோட தொண்டை தனியா கேக்கணும், அதுவும் மெதுவா பாடும்போதும் கேக்கணும். கத்தி இத சாதிக்கவே முடியாது. அந்த ஆர்கெஸ்ட்ராவோட சத்தத்துல மோதி ஜெயிக்கணும்னா தொண்டை பத்து நாள்ல போயிடும்.

ஊஞ்சல நெனச்சுக்கோங்க. பெரிய பலசாலி வந்து கண்டபடி தள்ளினா ஊஞ்சல் கோணலா ஆடி நின்னுடும், அதே ஊஞ்சல ஒரு சின்னக் கொழந்த சரியான நேரத்துல, திரும்பி வர்றப்போ ஒரு விரலால தொட்டுத் தொட்டு விட்டா போதும், ஆள் உசரத்துக்கு ஆடும். ஒரு பொருளுக்கு இயல்பா ஒரு ஆட்ட வேகம் இருக்கு, அதே வேகத்துல தட்டினா சின்ன பலத்துக்கே பெரிய ஆட்டம் கெடைக்கும். இதுக்குப் பேரு ஒத்ததிர்வு. பாத்ரூம்ல பாடிக்கிட்டே இருக்கும்போது ஏதோ ஒரு ஸ்வரத்துல மட்டும் ரூமே கூட சேந்து ரீங்காரம் போடுமே, அதுவும் இதுதான்.

இப்போ கொழாயடியில கொடம் ரொம்புற சத்தத்த ஞாபகப்படுத்திக்கோங்க. அடியில தண்ணி இருக்கும்போது தொம்முனு இருக்கும், தண்ணி ரொம்ப ரொம்ப சத்தம் மேல ஏறிக்கிட்டே போகும், அம்மா உள்ள இருந்தே "கொடம் ரொம்பிருச்சு, மூடு"ன்னு கொரல் குடுப்பாங்க. உள்ள இருக்குற காத்தோட எடம் சின்னதாக ஆக அதோட இயல்பான ஸ்வரம் மேல போகுது. நம்ம வாயும் தொண்டையும் அப்படி ஒரு கொடம்தான். வாய தொறந்து கன்னத்துல விரலால தட்டிக்கிட்டே வாயோட வடிவத்த மாத்திப் பாருங்க, டொக் டொக்னு சத்தம் மேலயும் கீழயும் போகும், சின்ன வயசுல எல்லாரும் பண்ணிருப்போம்.

பாடகி பண்றது என்னன்னா, தொண்டையில இருந்து வர்ற ஸ்வரத்தோட வேகமும் வாய்க்குள்ள இருக்குற காத்தோட இயல்பான வேகமும் ஒண்ணா சேர்ற மாதிரி வாய, தாடைய, நாக்க ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஏத்தி எறக்கி வெச்சுக்கறாங்க. ஊஞ்சல சரியா தட்டறாங்க. அதனாலதான் மேல போகப் போக தாடை நல்லா எறங்குது. அந்தப் பெரிய வாய பாத்துட்டுத்தான் நம்ம கத்துறாங்கன்னு நெனச்சுக்கறோம், உண்மையில அவங்க கொடத்த டியூன் பண்ணிக்கிட்டு இருக்காங்க. யோஹான் சுண்ட்பெரிங்கற சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் 1970கள்ல இதையெல்லாம் அளந்து காட்டினாரு. ஆர்கெஸ்ட்ராவோட சத்தம் சுமார் 500 ஹெர்ட்ஸ் பக்கத்துலதான் ரொம்ப கூட்டமா இருக்கு, அதுக்கு மேல போகப் போக கூட்டம் கலையுது. ஹெர்ட்ஸ்னா செகண்டுக்கு எத்தன அதிர்வுங்கற கணக்கு. அப்போ 700, 900னு மேல இருக்குற எடத்துல ஒத்ததிர்வோட பாடற சோப்ரானோவுக்கு, கூட்ட நெரிசல்ல இருந்து வெளிய வந்து காலியா இருக்குற பக்கத்து தெருவுல நடக்குற மாதிரி, வழி தானா கெடச்சிடுது. கேக்கறவங்க காதும் உயர்ந்த அதிர்வுகளுக்கு நல்லாவே கூர்மையா இருக்கும், அதுவும் ஒத்தாசை.

இதுல ஒரு நஷ்டமும் இருக்கு, அத மறைக்காம சொல்லிடணும். ஈ-ன்னு சொல்லிக்கிட்டே தாடைய மெதுவா எறக்கிப் பாருங்க, அது ஏ ஆகி கடைசில ஆ-ல வந்து நிக்கும். ஈ-ங்கற எழுத்தே அந்த சின்ன வாய் வடிவம்தான், வடிவம் போனா எழுத்தும் போச்சு. அதனால ரொம்ப மேல பாடும்போது எந்த சோப்ரானோவா இருந்தாலும் உயிரெழுத்து எல்லாம் ஒண்ணு மாதிரி கேக்கும். "வார்த்தையே புரியலயே"ன்னு நாம குத்தம் சொல்றது உச்சரிப்பு சோம்பேறித்தனத்தால வந்தது இல்லீங்க, உடம்போட கணக்கு அது. 1983ல டொரான்டோல ஆரம்பிச்சு இப்போ உலகம் முழுக்க மேடைக்கு மேல வரிகள திரையில ஓட விடறாங்க, இத்தாலிக்காரங்களே இத்தாலிய மொழி ஆப்பெராவுக்கு அத பாக்கறாங்க. நல்ல மியூசிக் போடறவங்க முக்கியமான வார்த்தைய நடு ஸ்தாயில வெச்சுட்டு உணர்ச்சிய மட்டும் மேல அனுப்புவாங்க, புச்சினி இதுல கெட்டிக்காரரு.

சுருக்கமா, சத்தத்த கூட்டி இல்லாம, சரியான எடத்துல தட்டித்தான் குரல் கடைசி வரிசைக்குப் போகுது.

மூச்சு, கியர், ஒத்த ஸ்வரம்

"நல்லா மூச்ச இழுத்து தம் கட்டிப் பாடு"ன்னு சொல்லுவோம். இழுக்கறது சுலபம், செலவு பண்றதுலதான் வித்தையே இருக்கு. ஊதின பலூனோட வாய சும்மா விட்டா புஸ்ஸுனு போயிடும், ரெண்டு விரலால இழுத்துப் புடிச்சு கொஞ்சம் கொஞ்சமா விட்டா நீளமா ஒரே மாதிரி சத்தம் வரும். பாடகி மூச்ச உள்ள இழுத்த பிறகும் விலா எலும்பு விரிஞ்சபடியே இருக்கற மாதிரி புடிச்சுக்கிட்டு, அது மேல சாஞ்சுக்கிட்டு பாடறாங்க. இத்தாலியில இதுக்கு அப்போஜோன்னு பேரு, சாஞ்சுக்கறதுன்னுதான் அர்த்தம். தொண்டையில எந்த இறுக்கமும் இருக்கக் கூடாது, பாரம் முழுக்க கீழ விலாவுலயும் வயித்துலயும்.

அடுத்தது கியர். வண்டி ஓட்டறவங்களுக்கு தெரியும், மேட்டுல ரெண்டாவதுல இருந்து மூணாவதுக்கு மாத்தும்போது கிளட்ச்ச சரியா விடலன்னா பின்னாடி ஒக்காந்தவங்க தலை முதுகுல மோதும். சோப்ரானோ குரல்லயும் மேல் ஸ்தாயிக்குள்ள நொழையுற எடத்துல இப்படி ஒரு மாற்றம் இருக்கு, அதுக்கு பஸாஜோ, அதாவது கடக்குற எடம்னு பேரு. குரல் நாண்கள் நீண்டு மெலிஞ்சு வேற மாதிரி வேல செய்ய ஆரம்பிக்குது. நல்ல லிரிக் சோப்ரானோகிட்ட கியர் மாறினதே தெரியாது, கீழ இருந்து மேல வரைக்கும் ஒரே பட்டுத் துணி மாதிரி இருக்கும். ஃப்ரேனி குரல்ல நீங்க தேடினாலும் அந்தத் தையல் கெடைக்காது, அது எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம்தான்.

மூணாவதா ஒரு சோதனை. ஒரே ஒரு ஸ்வரத்த எடுத்து, காதோட காது வெச்ச மாதிரி மெதுவா ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா பெருக்கி, திரும்ப கொஞ்சம் கொஞ்சமா கொறச்சு ஒண்ணுமில்லாம ஆக்கணும், சுருதி ஒரு மயிரிழை கூட நகரக் கூடாது. இதுக்கு மெஸ்ஸா தி வோசேன்னு பேரு. சத்தமா பாடறத விட இது பல மடங்கு கஷ்டம், ஏன்னா காத்து கொறையும்போது சுருதி எறங்கப் பாக்கும், அத நாண்கள் ஈடு கட்டணும். வீட்டுல தம்புரா ஆப் வெச்சுக்கிட்டு ஒரு சா-வ இப்படி பாடிப் பாருங்க, கொறைக்கற பக்கம் எவ்வளவு ஆட்டம் காணுதுன்னு புரியும்.

குரல் நடுங்குதேன்னு சிலர் கேப்பாங்க. அது விப்ராட்டோ, சுருதி ஒரு செகண்டுக்கு அஞ்சாறு தடவ லேசா மேலயும் கீழயும் ஆடறது, தொண்டை தளர்வா இருந்து மூச்சு சீரா போனா தானா வர்றது. இத ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசில தேவப்படும்.

மேடையில நிக்கறது

"ஸ்டேஜ் பிரசன்ஸ்"ங்கற வார்த்தைய நாம ரொம்ப லூசா பயன்படுத்தறோம். மேடை முழுக்க ஓடி, கைய வீசி, கண்ண உருட்டினா பிரசன்ஸ்னு சொல்லிடறோம். ஆப்பெரா பாடகி என்னென்ன கட்டுக்குள்ள நிக்கறாங்கன்னு பாத்தா அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம் தெரிய வரும்.

குரல்ல இருக்குற மேல் அதிர்வுகள் டார்ச் லைட் மாதிரி, வாய் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் போகும். முதுக காட்டினா அந்த மினுமினுப்பு போயிடும். அதனால காதலன் பக்கத்துலயே நின்னாலும் அவன முழுசா பாத்துப் பாட முடியாது, ஒடம்பு பாதி ஆடியன்ஸ் பக்கம் இருக்கணும், ஆனா நமக்கு அவ அவனத்தான் பாக்கறான்னு தோணணும். கூடவே ஆர்கெஸ்ட்ராவ நடத்தற கண்டக்டரோட குச்சியயும் ஓரக்கண்ணால புடிச்சுக்கணும். எப்போ நடக்கணும், எப்போ திரும்பணும்ங்கறத மியூசிக் முடிவு பண்ணிடுது, ஒரு செகண்டு முன்ன பின்ன போக முடியாது. சாதாரண நாடக நடிகருக்கு தன் இஷ்டத்துக்கு ஒரு இடைவெளி விட்டு வசனம் சொல்ல முடியும், இவங்களுக்கு அந்த சுதந்திரம் ரொம்பக் கம்மி.

அப்போ நடிப்புக்கு மிச்சம் என்ன இருக்குன்னா, மூச்சு இருக்கு. ஒரு வரிய பாடறதுக்கு முன்னாடி எடுக்கற மூச்சு அந்த வரியோட எண்ணத்தோட சேந்து வந்தா, அதாவது அந்தப் பொண்ணுக்கு அப்பத்தான் அது தோணிச்சுங்கற மாதிரி வந்தா, 2,000 பேரும் அவங்களோட சேந்து மூச்ச இழுப்பாங்க. என் அபிப்ராயத்துல லிரிக் சோப்ரானோவோட மேடை ஆளுமைன்னா பெரும்பங்கு இதுதான்.

மிமியோட அந்த மொதப் பாட்ட கிட்டப் போய் பாக்கலாம். பாரிஸ், கிறிஸ்துமஸுக்கு மொத நாள் ராத்திரி, குளிர். எழுத்தாளன் ரோடோல்ஃபோவோட மாடி ரூமுக்கு மெழுகுவத்தி ஏத்த வர்றா, சாவி தொலையுது, வெளக்கு அணையுது, இருட்டுல தேடும்போது கை படுது. அவன் தன்ன பத்தி பெருசா பாடி முடிச்சுட்டு நீ சொல்லுங்கறான். அவ சின்னச் சின்ன வரியா சொல்றா. துணியிலயும் பட்டுலயும் பூ தைக்கறேன், தனியா இருக்கேன், என் ரூமுல இருந்து கூரைகளும் வானமும் தெரியும். இது வரைக்கும் ஆர்கெஸ்ட்ரா ரொம்ப மெதுவா, பேச்சு மாதிரி போகுது. அப்புறம் "ஆனா பனி உருகும்போது, மொத சூரியன் எனக்குத்தான்"னு ஒரு வரி வருது, அங்க புச்சினி மொத்த வயலினயும் அவளுக்குக் கீழ விரிச்சு விடறாரு, குரல் அப்படியே மலந்து மேல போகுது. வறுமையில நோயோட இருக்குற பொண்ணுக்கு சொந்தம்னு சொல்லிக்க அந்த வெளிச்சம் ஒண்ணுதான் இருக்கு. அத பெரிய பாடகியா காட்டிக்கிட்டு பாடினா செத்துடும், ஒரு பொண்ணு சந்தோஷத்த அடக்க முடியாம சொல்லிட்டா மாதிரி இருக்கணும். ஃப்ரேனி அங்க கைய பெருசா தூக்க மாட்டாங்க, மொகம் வெளிச்சம் பட்ட மாதிரி ஆகும், அவ்வளவுதான். உடனே குரல் எறங்கி, நான் தைக்கற பூவுக்கு வாசனை இல்லன்னு முடிச்சு, பாட்டே இல்லாத மாதிரி படபடன்னு "வேற என்ன சொல்றதுன்னு தெரியல, நேரங்கெட்ட நேரத்துல வந்து தொந்தரவு பண்ற பக்கத்து ரூம்காரி நான்"னு ஒரு வெக்கத்தோட நிக்கும்.

1963ல லா ஸ்காலால ஹெர்பர்ட் ஃபான் கராயான்ங்கற பெரிய கண்டக்டர் ஆர்கெஸ்ட்ராவ நடத்தி, ஸெஃபிரெல்லிங்கற இத்தாலிய டைரக்டர் மேடையேத்தின லா போயெம்லதான் உலகம் அவங்கள இந்த மிமியா பாத்துச்சு. ரெண்டு வருஷத்துல அது படமாவும் வந்துச்சு, அதுல க்ளோசப்ல அவங்க தொண்டைய பாருங்க, நரம்பு ஒண்ணு கூட பொடைக்காது.

முடியாதுன்னு சொல்றதும் வித்தைதான்

குரலோட எடைக்கு மீறின பாத்திரத்த எடுத்தா என்ன ஆகும்? பாடிட முடியும், கொஞ்ச நாளைக்கு. ஆனா பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு ஈடா நாண்கள அழுத்தி அழுத்தி, மெதுவா பாடற திறமை மொதல்ல போகும், அப்புறம் விப்ராட்டோ அகண்டு ஊசலாட்டமா மாறும். எத்தனையோ நல்ல குரல் பத்து வருஷத்துல இப்படி முடிஞ்சு போயிருக்கு.

ஃப்ரேனியோட கதையில இது ஆரம்பத்துலயே வருது. பத்து வயசுல ரேடியோ போட்டியில பாடினப்போ பெனியாமினோ ஜீல்யி, அந்தக் காலத்து மாபெரும் டெனர், டெனர்னா உசந்த ஆண் குரல், கொஞ்சம் வளர்ற வரைக்கும் பாடாதம்மான்னு சொல்லிட்டாரு. பதினேழு வயசுலதான் திரும்ப ஆரம்பிச்சாங்க. அவங்க அம்மாவும் பின்னாடி பெரிய டெனரான லுச்சியானோ பவரோட்டியோட அம்மாவும் மோதெனா புகையிலை ஃபேக்டரியில ஒண்ணா வேல பாத்தவங்க, ரெண்டு கொழந்தைக்கும் ஒரே செவிலித்தாய்தான் பால் குடுத்தாங்க. ஒரே ஊர்ப் புழுதியில வந்த ரெண்டு குரலும் 1972ல பெர்லின்ல கராயானோட சேந்து லா போயெம் ரெக்கார்டிங் பண்ணினாங்க, இன்னிக்கும் புதுசா கேக்கறவங்களுக்கு நான் சொல்றது அதத்தான்.

1955ல மோதெனால கார்மென் ஆப்பெராவோட மிக்கேலாவா மொத மேடை. கல்யாணம், கொழந்தைன்னு ஒரு இடைவெளி. அப்புறம் படிப்படியா. 1964ல லா ஸ்காலால வெர்டியோட லா த்ராவியாட்டா ஆப்பெரா பாடி ஆடியன்ஸ்கிட்ட எதிர்ப்புக் கூச்சலும் வாங்கியிருக்காங்க, முன்னாடி அங்க பாடின பெரிய சோப்ரானோ மரியா கல்லாஸோட ஞாபகம் அந்த மேடையில இன்னும் சூடா இருந்த காலம் அது. எழுபதுகள்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியோட கனமான பாத்திரங்களுக்குப் போனாங்க, 1979ல சால்ஸ்பர்க்ல அயிதா கூட பாடினாங்க, ஆனா அதுக்காக குரல தடிமன் ஆக்கல, தன் லிரிக் குரலாலயே பாடினாங்க. கராயான் துராந்தோத் பாடச் சொன்னப்போ முடியாதுன்னுட்டாங்க. அன்னிக்கு அவர மறுத்துப் பேசறது சாதாரண விஷயம் இல்ல. மேடம் பட்டர்ஃப்ளைய ரெக்கார்டிங்ல பாடினாங்க, படத்துலயும் நடிச்சாங்க, முழுசா மேடையில மட்டும் ஏத்துக்கவே இல்ல. ரெக்கார்டிங்ல நாள் நாளா பிரிச்சுப் பாடலாம், மேடையில பட்டர்ஃப்ளை உள்ள வந்தா கடைசி வரைக்கும் கிட்டத்தட்ட அவதான் சொமக்கணும், அதுவும் அழுதுக்கிட்டே. அந்தக் கணக்க தெரிஞ்சு வெச்சிருந்ததாலதான் 2005 ஏப்ரல்ல, எழுபது வயசுல, வாஷிங்டன் மேடையில சாய்கோவ்ஸ்கியோட ஜோன் ஆஃப் ஆர்க்கா, ஒரு சின்னப் பொண்ணா நின்னு பாட முடிஞ்சுது.

ஆக, எடைய புரிஞ்சுக்கறது கேக்கற நமக்கு ஒரு வகை பிரிக்கற வேலை, பாடற அவங்களுக்கு அம்பது வருஷ வாழ்க்க.

செத்துக்கிட்டே பாடறது எப்படி

இப்போ எல்லாத்தயும் ஒண்ணா வெச்சுப் பாக்க லா போயெம் நாலாவது அங்கம். மிமி காசநோயோட கடைசி நேரத்துல அதே மாடி ரூமுக்கு திரும்ப வர்றா. படுத்துக்கிட்டு பாடணும். படுத்தா விலா விரியறதுக்கு எடம் கம்மி, மூச்ச சாச்சுக்கறது கஷ்டம். பாத்திரத்துக்கு மூச்சே இல்ல, பாடறவங்களுக்கு முழு மூச்சும் வேணும். நெசமா இருமினா நாண்கள் அடிபடும், அதனால அளவாத்தான் இரும முடியும், நோய குரலோட நெறத்துலதான் காட்டியாகணும்.

எல்லாரும் வெளிய போன உடனே மிமி கண்ண தொறந்து "போயிட்டாங்களா? தூங்கற மாதிரி நடிச்சேன், உன்னோட தனியா இருக்கணும்னு"ன்னு ஆரம்பிப்பா. கீழ் ஸ்தாயில, ஒரே ஸ்வரத்த திரும்பத் திரும்ப தொட்டுக்கிட்டு, லிரிக் சோப்ரானோவுக்கு குரல் மெலிசா இருக்குற எடம் அது. அங்கயிருந்து அந்த வரி மெதுவா ஏறும். கொஞ்ச நேரத்துல மொத அங்கத்து "என்ன மிமின்னு கூப்பிடுவாங்க" மெட்டு திரும்ப வரும், இந்த தடவ பாதியில மூச்சு நிக்கும். இங்கதான் விப்ராட்டோ. நல்ல பாடகி அத கொறச்சு, ஸ்வரத்த ஆட்டமில்லாம, வெளுத்துப்போன மாதிரி வெப்பாங்க, ரத்தம் வடிஞ்ச குரல் மாதிரி கேக்கும், ஆனா அது கடைசி வரிசைக்குப் போயாகணும். மெஸ்ஸா தி வோசே சொன்னேனே, அதுல அந்த கொறைக்கற பக்கம், அத ஒரு சீன் முழுக்க பண்றாங்கன்னு வெச்சுக்கோங்க. பலவீனமா கேக்க வைக்கறதுக்குத்தான் உள்ள அவ்வளவு பலம் வேண்டியிருக்கு.

அப்புறம் யாரோ குளிருக்கு கை வெச்சுக்க ஒரு மென்மயிர் உறைய கொண்டு வந்து குடுப்பாங்க, அவ கொழந்த மாதிரி சந்தோஷப்படுவா, கை சூடாயிடுச்சு, தூங்கப் போறேன்னு சொல்லுவா. ஒரு பெரிய மேல் ஸ்வரத்தோட விழுந்து சாகற சீன் புச்சினி வெக்கல. எந்த நிமிஷம் போனான்னு நமக்கே சட்டுனு தெரியாது, ரூம்ல இருக்குற நண்பன் ஒருத்தன் பாத்து தெரிஞ்சுக்கறான், ரோடோல்ஃபோவுக்குத்தான் கடைசியா தெரியுது. அந்த நிமிஷங்கள்ல சோப்ரானோ ஒரு ஸ்வரம் கூட பாடல, அசையல, 2,000 பேரும் அந்தப் படுக்கையத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க.

கேக்கறதுன்னு முடிவு பண்ணினா நல்ல ஹெட்ஃபோன் போட்டுக்கோங்க, வால்யூம ஏத்தாதீங்க. 1972 ரெக்கார்டிங்ல மொத அங்கத்து அந்தப் பாட்ட ஒரு தடவ வரிகளோட கேளுங்க, அப்புறம் நேரா நாலாவது அங்கத்துக்குப் போயி அதே மெட்டு வர்ற எடத்துல "மிமி"ங்கற அந்த ரெண்டு எழுத்த மட்டும் ரெண்டுலயும் ஒப்பிட்டுப் பாருங்க.